ப்ளூயி பார்க்கும் பெரியவர்களுக்கு

பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டவர்களும், பிள்ளையே இல்லாதவர்களும் உட்கார்ந்து 'ப்ளூயி' பார்க்கிறார்கள் என்றால் சிலருக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது. "சின்னப் பசங்க கார்ட்டூன்தானே" என்கிறார்கள். ஆமாம், சின்னப் பசங்க கார்ட்டூன்தான். நான் ரசித்துப் பார்க்கிறேன், வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகும் பார்க்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள லூடோ ஸ்டுடியோவில் ஜோ பிரம் என்பவர் உருவாக்கிய தொடர் இது. 2018 அக்டோபரில் அங்குள்ள ஏபிசி கிட்ஸ் என்ற குழந்தைகள் டிவி சேனலில் ஆரம்பித்தது. அப்பா பேண்டிட், அம்மா சில்லி, ப்ளூயி, பிங்கோ என்று இரண்டு பெண் பிள்ளைகள். நாய்க் குடும்பம். பெரும்பாலான கதைகள் ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். 2024இல் அமெரிக்கர்கள் ஓடிடியில் அதிக நேரம் பார்த்த நிகழ்ச்சி இதுதான் என்று, யார் எதை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று அளக்கும் நீல்சன் நிறுவனத்தின் கணக்குச் சொன்னது. 5,500 கோடி நிமிடங்களுக்கு மேல். ஒரே கதையைப் பத்து தடவை போடச் சொல்லும் பிள்ளைகளால்தான் இந்தக் கணக்கு ஏறியிருக்கும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர்களும் எழுந்து போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு ஒரு காட்சி சொல்கிறேன். 'தி ஷோ' என்ற கதையில் பிள்ளைகள் அப்பா அம்மாவின் கதையையே அவர்கள் முன்னால் நாடகமாக நடிக்கிறார்கள். பிங்கோதான் அம்மா. உடைக்குள் பலூனை வைத்துக்கொண்டு கர்ப்பிணியாக வருகிறாள். பலூன் பட்டென்று வெடிக்கிறது. நாடகம் பார்த்துக்கொண்டிருக்கும் பேண்டிட் சத்தமில்லாமல் சில்லியின் கையைப் பிடிக்கிறான். ஒரு நொடி, அவ்வளவுதான். வசனம் இல்லை, சோக இசை இல்லை, நாடகம் தொடர்கிறது. ஒரு கர்ப்பத்தை இழந்தவர்களுக்கு அந்தக் கை என்ன சொல்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. கூட உட்கார்ந்திருக்கும் நாலு வயசுப் பிள்ளைக்கோ பலூன் வெடித்தது மட்டும்தான், அதற்கு அது சிரிக்கும். இருவருக்கும் கதை முழுசாகக் கிடைக்கிறது.

'ஒன்சீஸ்' கதையிலும் அப்படித்தான். சில்லியின் சகோதரி பிராண்டிக்குக் குழந்தை பிறக்கவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எவ்வளவு ஆசைப்பட்டாலும் சில விஷயம் கிடைக்காது என்பதை, தனக்குச் சேராத ஒரு உடைமேல் ப்ளூயி வைத்த ஆசையை வைத்தே அம்மா புரியவைக்கிறாள். பிள்ளைக்குத் தெரிந்த அளவில் பிள்ளையிடம் பேசுவது. நம்மில் எத்தனை பேருக்கு இது வருகிறது?

என் கவலை வேறு. பெரியவர்கள் கூட்டம் சேர்ந்ததும் நிகழ்ச்சி நம் பக்கம் திரும்பிவிடக் கூடாது. 2010இல் வந்த 'மை லிட்டில் போனி: ஃப்ரெண்ட்ஷிப் இஸ் மேஜிக்' சிறுமிகளை மனதில் வைத்து எடுத்த தொடர். அதை உருவாக்கிய லாரன் ஃபாஸ்ட் நன்றாகவே செய்திருந்தார், அதனால் வளர்ந்த ஆண்களும் பெரிய கூட்டமாக வந்தார்கள், தங்களை 'பிரோனி' என்று சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் ரசித்ததில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் 2015இல் வந்த நூறாவது கதையில் முக்கியமான ஆறு குதிரைகளும் ஓரமாகப் போய்விட்டன, வளர்ந்த ரசிகர்கள் பெயர் வைத்துக் கொண்டாடிய பின்னணிக் குதிரைகள் நடுவில் வந்தன. ரசிகர்களுக்குக் கொடுத்த பரிசு அது. டிவி முன்னால் உட்கார்ந்த ஆறு வயசுச் சிறுமிக்கு அதில் பாதி யாரென்றே தெரிந்திருக்காது. அவள் இடத்தை அவளிடம் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ப்ளூயி ரசிகர்களிடமும் இந்த ஆசை தலைகாட்டுகிறது. பேண்டிட்டும் சில்லியும் தனியாகப் பேசும் காட்சி இன்னும் வேண்டும், அந்தப் பலூனுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கை நம்மைத் தொட்டதே, அதைப் பற்றி யாரும் நின்று பேசாததால்தான். விளக்க ஆரம்பித்தால் பிள்ளை எழுந்து விளையாடப் போய்விடும், நமக்கும் இன்னொரு சீரியல்தான் மிஞ்சும்.

2027 ஆகஸ்டில் ப்ளூயி திரைப்படம் வருவதாக அறிவித்திருக்கிறார்கள். தியேட்டரில் பாதி சீட்டில் நம்மைப் போன்றவர்கள்தான் இருப்போம் என்று தயாரிப்பாளர்களுக்கும் தெரியும். இருந்தாலும் படத்தை முன்வரிசையில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கே எடுக்கட்டும். நாங்கள் பின்னாலிருந்து பார்த்துக்கொள்கிறோம்.