எல்லி கில்டன்னின் ஓட்டமும் ஒரு சம்பள ஒப்பந்தமும்

2025 செப்டம்பர் 27. லண்டனின் ட்விக்கன்ஹாம் அரங்கில் 81,885 பேர். மகளிர் ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டி தொடங்கிய சூட்டோடு கனடா ஒரு டிரை (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டித் தரையில் ஊன்றுவது) போட்டு முந்திவிட்டது. அரங்கம் கொஞ்சம் அடங்கிப்போன அந்த நேரத்தில் பந்து இங்கிலாந்தின் எல்லி கில்டன் கைக்கு வருகிறது. கோல் கோடு வெகு தூரத்தில் இருக்கிறது. எதிரே தடுப்பாளர்கள் வரிசைகட்டி நிற்கிறார்கள். ஒரு பக்கம் போகிற மாதிரி ஒரு எட்டு, சட்டென்று மறுபக்கம் ஒரு வெட்டு. பிடிக்க வந்த கைகளுக்குக் காற்றுதான் மிஞ்சியது. அந்தச் சுருள்முடி ஆடி ஆடிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிரை விழுந்துவிட்டது. இங்கிலாந்து 33-13 என்று கோப்பையை வாங்கியது.

எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் சலிக்கவில்லை.

இதைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "பிறவித் திறமை." எனக்கு அதில் உடன்பாடு பாதிதான். அந்தக் கால் அவருடையது, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காலை 26 வயது வரை ரக்பி மைதானத்திலேயே வைத்திருந்தது மாதா மாதம் வந்த சம்பளம். ஒரு இளம் வீராங்கனையின் வாழ்க்கையைப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

யார்க்‌ஷயரின் கீத்லி ஊர்க்காரர் கில்டன். பையன்களோடு சேர்ந்து ஆடித்தான் வளர்ந்தார். இங்கிலாந்தில் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு மேல் பெண்பிள்ளைகள் பையன்களோடு ஆட முடியாது. பெண்கள் அணி எங்கே இருக்கிறதோ அங்கே தேடிப் போகவேண்டும். பக்கத்தில் அணி இல்லையென்றால், கூட்டிக்கொண்டு போக ஆளில்லையென்றால், ஆட்டம் அந்த வயதிலேயே முடிந்துபோகும். எத்தனை நல்ல ஆட்டக்காரிகளை அந்த இடத்தில் இழந்தார்களோ, அவர்கள் பெயர்கூட நமக்குத் தெரியப் போவதில்லை.

2017 நவம்பரில், 18 வயதில், கனடாவுக்கு எதிராகத்தான் இங்கிலாந்து அணியில் முதல் ஆட்டம். அந்த நேரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்துப் பெண்கள் உலகக் கோப்பை இறுதிவரை போய் நியூசிலாந்திடம் தோற்றார்கள். அந்தக் கோப்பையோடு பதினைவர் அணியின் (ஒரு பக்கம் பதினைந்து பேர் ஆடுகிற ரக்பி) சம்பள ஒப்பந்தங்களும் முடிகின்றன, புதுப்பிக்கப் போவதில்லை என்று ரக்பி சங்கம் சொல்லிவிட்டிருந்தது. அந்த வயதில் ஒரு பெண் உள்ளே வருகிறார், வந்த வீட்டில் சோறில்லை. 2019 ஜனவரியில்தான் 28 பேருக்கு முழுநேர ஒப்பந்தம் வந்தது. கில்டன் அப்போது 19 வயதுக்காரர். ஒரு பக்கம் ஏழு பேர் ஆடுகிற எழுவர் ஆட்டத்துக்கும் பதினைவர் ஆட்டத்துக்கும் இடையில் மாறி மாறி ஆடினார். 2020-ல் எழுவர் அணிக்கான பணத்தையும் சங்கம் நிறுத்தியது.

அவருக்கு முந்தைய தலைமுறையைப் பாருங்கள். 2014-ல் கோப்பையை வென்ற அணியின் தலைவி கேட்டி மெக்லீன் தொடக்கப் பள்ளி ஆசிரியை. முன்வரிசையில் ஆடிய சோஃபி ஹெம்மிங் கால்நடை மருத்துவர். வேலைக்கும் போய், பயிற்சிக்கும் போய், உலகக் கோப்பையையும் வாங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய திறமை யாருக்கும் குறைந்ததல்ல. முழுநேரமும் ஆட்டத்திலேயே இருக்கிற வாய்ப்புதான் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சம்பளம் என்றால் சுகவாழ்வு என்றும் நினைத்துவிட வேண்டாம். 2022 இறுதிப் போட்டியில், ஆக்லாந்தில், ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடமே டிரை போட்டவர் கில்டன்தான். பிறகு சக வீராங்கனை ஒருவர் சிவப்பு அட்டை வாங்க, மீதி ஒரு மணி நேரமும் 14 பேரோடு ஆடினார்கள். கடைசி நொடியில் நியூசிலாந்துக் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் ஒரு லைன்அவுட்: பக்கக் கோட்டிலிருந்து பந்தை எறிய, இரு அணியும் எழும்பிப் பிடிக்கப் பார்ப்பார்கள். பந்தைப் பிடித்துத் தள்ளினால் கோப்பை. மேலே எழும்பிய நியூசிலாந்துக் கை அதைத் தட்டிவிட்டது. 34-31. தொடர்ந்து 30 ஆட்டங்கள் வென்றுவந்த அணி அங்கே நின்றது. அங்கிருந்து எழுந்து வந்து 2024-ல் ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியில் ஒன்பது டிரை, பாரிஸ் ஒலிம்பிக்கில் எழுவர் ஆட்டம், அந்த ஆண்டின் உலகின் சிறந்த வீராங்கனை விருது.

2025 கோப்பையிலும் செப்டம்பர் 6-ம் தேதி ஆஸ்திரேலியாவோடு ஆடும்போது தலையில் அடி. இரண்டு நாளில் 26-வது பிறந்தநாள். காலிறுதியில் அவரை இறக்கவில்லை. எனக்கு இந்தக் கோப்பையிலேயே பிடித்த விஷயம் இதுதான். நாக்-அவுட் ஆட்டத்தில் உலகின் சிறந்த ஆட்டக்காரியை உட்காரவைக்கிற துணிவு வேண்டும். பலத்த மோதல் நடந்தால் சிவப்பாக மின்னுகிற பல்காப்பு இந்தக் கோப்பையில்தான் வந்தது. மூளை அதிர்ச்சி என்பது பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கவேண்டிய வலி இல்லை. இரண்டு வாரம் கழித்து பிரான்சுக்கு எதிரான அரையிறுதிக்குத் திரும்பினார், இரண்டு டிரை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இறுதியில் தோற்ற கனடா அணி, அந்தக் கோப்பைக்குத் தயாராக ஊராரிடம் நிதி திரட்டி ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் சேர்த்துக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் ஒப்பந்தம், இன்னொரு பக்கம் உண்டியல். ஸ்கோரைப் பார்க்கும்போது இதுவும் என் நினைவுக்கு வந்துவிடுகிறது. கில்டன் மேல் எனக்குள்ள அன்பு இதனால் ஒரு பொட்டும் குறையவில்லை.

அடுத்த உலகக் கோப்பை 2029-ல், ஆஸ்திரேலியாவில். கில்டன்னுக்கு அப்போது முப்பதை ஒட்டிய வயதிருக்கும், அவர் ஆடுகிற ஃபுல்பேக் இடத்துக்கு, அதாவது எல்லாருக்கும் பின்னால் கடைசிக் காவலாக நிற்கிற இடத்துக்கு, நல்ல வயது. அதுவரை அவர் வேறு வேலை தேடவேண்டியதில்லை.