பட்டியலில் அடங்காத வருடம்

வருடக் கடைசியில் சாதித்ததையும் இழந்ததையும் இரண்டு பட்டியலாக எழுதிப் பாருங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நானும் எழுதிப் பார்த்தேன். அப்பா எந்தப் பட்டியலிலும் அடங்கவில்லை.

மார்ச்சில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. வேலையை விட்டுவிட்டு அவரோடு வந்து தங்கினேன். சம்பளம் போனதை இழப்பு என்று எழுதலாம். ஆனால் தினமும் காலையில் அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிவிடும் அந்த அரை மணி நேரத்தை எங்கே எழுதுவது? விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் கையை நான் இவ்வளவு நேரம் பிடித்திருந்ததே இல்லை. திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியால், பாதிக்கப்பட்ட பகுதியின் வேலையை மூளையின் மற்ற பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொள்ளக்கூடும் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். ஆகஸ்டில் ஒரு நாள் அப்பாவே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மேல் பொத்தான் அடுத்த ஓட்டையில். நான் அதைச் சரிசெய்யவில்லை. நாள் முழுக்க அப்படியே இருந்தார்.

தினமும் பேசிய நண்பர்களில் பலர் ஒதுங்கிவிட்டார்கள். வருத்தம்தான். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு தொடர்பே இல்லாத ஒருத்தி வாரம் தவறாமல் வந்து, அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என்னை இரண்டு மணி நேரம் தூங்கவிட்டாள். அவளிடம் நன்றி சொல்ல இன்னும் எனக்கு வார்த்தை வரவில்லை.

பட்டியல் போடுவதற்கு முன்னால் கைபேசிப் படங்களை மாதவாரியாகப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். என்னுடையதில் ஏப்ரலுக்கு ஒரே ஒரு படம்: மருந்து நேரங்கள் எழுதிய காகிதம். மூன்று வருடமாக என்னோடு பேசாமலிருந்த தம்பியின் கையெழுத்து.