பரீட்சையே இல்லாத பள்ளியா?
கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது: "புதிதாக வரும் இன்டர்நேஷனல் பள்ளியில் பரீட்சையே கிடையாது, அந்தச் சான்றிதழ் நம்ம ஊர்க் கல்லூரியில் செல்லாது."

இரண்டுமே தவறு. இப்படிப்பட்ட பள்ளிகளில் இருக்கும் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) என்ற பன்னாட்டுப் பாடத்திட்டத்தில் 3 முதல் 12 வயது வரை பொதுத்தேர்வு இல்லைதான். கடைமடைக்குத் தண்ணீர் ஏன் வரவில்லை என்று வாய்க்காலைப் போய்ப் பார்த்து, கேட்டு, எழுதுவது மாதிரியான படிப்பு அது. வதந்தி அங்கிருந்து முளைத்திருக்கும். ஆனால் கடைசி இரண்டு வருட டிப்ளமோவில் 6 பாடங்கள், எழுத்துத் தேர்வு, போதாததற்கு 4000 சொற்களுக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை! இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் அந்த டிப்ளமோவை பிளஸ் டூவுக்கு இணையாக ஏற்கிறது.

நீட் எழுத நினைப்பவர்கள் மட்டும், இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் சேர்த்து எடுக்க முடியுமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அப்புறம், கட்டணத்தையும்.