விலை போனவன் எழுதுகிறேன்

வெள்ளிக்கிழமை ராத்திரியிலிருந்து நடக்கிற கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: நான் செய்த கம்ப்யூட்டர் கேமின் மொபைல் உரிமையை விற்றுவிட்டேன், மொபைலில் அதில் விளம்பரம் வரும். 2021 தீபாவளிக்கு நான் போட்ட பதிவைத் தோண்டி எடுத்து, "நம்ம கேம்ல விளம்பரமே வராது" என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "விலை போயிட்டான்" என்று சுற்றுக்கு விட்டிருக்கிறீர்கள். வட்டம் அழகாக வந்திருக்கிறது. கோணல் இல்லை.

நான் விற்றது மொபைல் உரிமையை. அதை மட்டும்தான். கம்ப்யூட்டரில் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு இன்றைக்கும் ஒரு விளம்பரமும் வராது. கேமை விற்றேன். என்னை விற்கவில்லை; என்னை வாங்க யாரும் வரவும் இல்லை.

சரி, கேமையாவது நீங்கள் வாங்கினீர்களா? 149 ரூபாய். மூன்றரை வருஷத்தில் 412 பேர் வாங்கினார்கள். கேம் விற்கிற இணையக் கடையான ஸ்டீம் தன் பங்காக 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை மாதக் கணக்கில் வகுத்தால் ஆயிரம் ரூபாய் சொச்சம் வருகிறது. அந்தச் சிவப்பு வட்டத்தை இன்று காலை வரை பகிர்ந்தவர்கள் 600 பேருக்கு மேல். வாங்கியவர்களைவிட வைதவர்கள் அதிகம். உள்ளூரில் விலை போகாத மாடு வெளியூரில் போகுமா என்பார்கள். போய்விட்டது. அதுதான் உறுத்துகிறதோ என்னவோ.

இந்தக் கேமுக்கு மீன் ஏலச் சத்தம் பதிவு பண்ண விடியற்காலையில் துறைமுகத்தில் போய் நின்றிருக்கிறேன். ஒருநாள் ஒரு பெரியவர், கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்து ஈர நோட்டுகளைத் தொடையில் ஒட்டி ஒட்டி எண்ணிக்கொண்டிருந்தார். ராத்திரி முழுக்கக் கடலில் கிடந்து பிடித்த சங்கராவும் காரப்பொடியும் அஞ்சு நிமிஷத்தில் யார் யார் கூடைக்கோ போய்விட்டது. யாராவது அவரிடம் போய், "கடலுக்குத் துரோகம் பண்ணிட்டியே" என்று கேட்டார்களா? மீனை விற்றால் தொழில். கேமை விற்றால் துரோகம். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை.

"ஸ்டார்டியூ வேலியைப் பார், ஒரே ஆள், எவனிடமும் கை நீட்டவில்லை" என்று ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். ஐயா, அந்த விவசாய கேமைச் செய்தவர் நாலு வருஷத்துக்கு மேல் தனியாக உழைத்தது உண்மை. ஆனால் 2016-ல் அது வெளிவந்தபோது சக்கிள்பிஷ் என்ற நிறுவனம்தான் வெளியீட்டாளர். அவர் உழைத்த காலத்தில் குடும்பம் ஓடியதில் காதலியின் சம்பளத்துக்கும் பங்கு உண்டு. எனக்கு அம்மாவின் பென்ஷன். டொரோண்டோவில் செய்த வெண்பா என்ற கேம் வந்தபோது "நம்ம தமிழ் கேம்" என்று எல்லோரும் கொண்டாடினோம், நானும்தான். 2023-ல் முதல் நாளே அது மைக்ரோசாப்டின் சந்தா சேவையான கேம் பாஸில் இருந்தது. அதற்கு யாரும் வட்டம் போடவில்லை. டொரோண்டோவிலிருந்து விற்றால் பெருமை, கடலூரிலிருந்து விற்றால் மட்டும் விலை போவது போலிருக்கிறது.

இன்னொருவர் என்னை மைன்கிராப்ட் கேமை உருவாக்கிய நாட்சோடு சேர்த்துவிட்டார். விஆர் கண்ணாடி செய்கிற ஆக்குலஸை பேஸ்புக் வாங்கியதும் கோபித்துக்கொண்டு, ஆக்குலஸுக்கு மைன்கிராப்ட் கொண்டுவரும் பேச்சிலிருந்து விலகியவர், அதே 2014-ல் தன் கம்பெனியையே மைக்ரோசாப்டுக்கு 250 கோடி டாலருக்குக் கொடுத்தார். நல்ல உதாரணம்தான். எனக்கு வந்த பணத்தில் ஒரு நல்ல ஏசி வாங்கலாம், ஸ்டெபிலைசருக்கு இடிக்கும்.

"அப்போ வாக்குக் கொடுத்தியே?" கொடுத்தேன். இல்லையென்று சொல்லவில்லை. 2021-ல் எனக்கு மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. சம்பளம் வந்தால் கொள்கையும் கூடவே வந்துவிடுகிறது. அப்புறம் வேலை போனது. 2024-ல் பெஞ்சல் புயல் கரையைக் கடந்த கையோடு தென்பெண்ணை வெள்ளம் தெருவுக்குள் வந்தபோது, அரிசி மூட்டையையும் மிக்ஸியையும் கட்டில் மேல் ஏற்றினோம். தரையிலிருந்த சிபியு ஞாபகத்துக்கு வந்தபோது முழங்கால் வரை தண்ணீர். புதுசு வாங்க அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அதற்கும் இந்த வட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்குச் சம்பந்தம் இருக்கிறது. ஆனால் மாற்றிக்கொண்டதை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது, சொல்லவில்லை. இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

சனிக்கிழமை சாப்பிடும்போது அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு என்னடா என்றார். "விலை போயிட்டேன்னு எழுதறாங்கம்மா" என்றேன். கரண்டியோடு நின்று, "போயிடுச்சா? எவ்ளோவுக்கு? சங்கிலிய மீட்டுடலாமா?" என்று கேட்டார். இந்த வீட்டில் அந்த வார்த்தைக்கு அவ்வளவுதான் அர்த்தம்.

600 பேரில் 599 பேர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் எழுதியது வலிக்கவும் இல்லை. முதலில் பகிர்ந்தது நீ, தம்பி. கேமில் வலை அறுந்து தொங்குகிற பிழையைக் கண்டுபிடித்து ராத்திரி ரெண்டு மணிக்கு "அண்ணே, தூங்கிட்டீங்களா" என்று போன் பண்ணினவன். காசு கொடுக்க என்னிடம் இல்லை, நீயும் கேட்கவில்லை. இப்போதும் போன் பண்ணியிருக்கலாம். என் நம்பர் மாறவில்லை.

கேமின் புதுப் பதிப்பை இன்று ராத்திரி ஏற்றுகிறேன். நன்றிப் பட்டியலில் மூன்றாவது பெயர் உன்னுடையது. எடுக்க வேண்டுமென்றால் பத்து மணிக்குள் சொல்.