இலையில் பாயசம் ஊற்றியது யார்?

அப்பாவுக்கு மூன்று மாத சுகர் 9.3. புரட்டாசியில் பார்த்தபோது 7.2. ரிப்போர்ட்டோடு வீட்டுக்குள் நுழைந்து அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, அத்தையிடமிருந்து போன். "என்ன மைனி, அண்ணனுக்கு இவ்வளவு ஏறிக் கிடக்கு, நீங்க ஒழுங்கா பாக்கதில்லையா?" அம்மா ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். எனக்கு அன்றிலிருந்து வயிறு எரிகிறது.

யார் ஒழுங்காகப் பார்க்கவில்லை? தீபாவளிக்கு அரைக் கிலோ அல்வாவைக் கொண்டுவந்து, அம்மாவிடம் கொடுக்காமல் அப்பா கையிலேயே கொடுத்தது யார்? திருக்கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை அவித்து, "அண்ணனுக்குன்னு தனியா எடுத்து வச்சேன்" என்று தூக்குவாளியில் அனுப்பியது யார்? தை மாதக் கல்யாணத்தில் அம்மா அடுத்த பந்திக்காகக் காத்து நிற்கும்போது, பாயசம் வேண்டாம் என்று இலையை மறைத்த அப்பாவின் கையைப் பிடித்து விலக்கிவிட்டு, "ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆவாது, நீ ஊத்துப்பா" என்று பரிமாறுபவரிடம் சொன்னது சித்தப்பா. நான் எதிர்வரிசையில் இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன்.

ஒரு நாளைக்கு. இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்கிறவர்களுக்கு அது ஒரு நாள்தான். எங்கள் சொந்தத்தில் முப்பது வீடு இருக்கிறது. வீட்டுக்கு ஒரு விசேஷம், காதுகுத்து, சடங்கு, வளைகாப்பு, கொடை என்று வைத்துக்கொண்டால் அப்பாவுக்கு அது எத்தனை நாள்?

அந்த மூன்று மாத டெஸ்ட் என்னவென்று இவர்கள் யாரும் கேட்டதில்லை. ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் ஓடிய சர்க்கரை அதன் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். அதைத்தான் அளக்கிறார்கள். அப்பா டெஸ்டுக்கு முந்தின இரண்டு நாள் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்வார். வெறும் வயிற்று சுகர் அதில் கொஞ்சம் இறங்கிக் காட்டலாம். இது காட்டாது. அல்வாவும் பாயசமும் சேர்ந்துதான் அந்த 9.3. அதில் அம்மாவின் சமையல் எங்கே இருக்கிறது?

அம்மாவின் சமையலைச் சொல்கிறேன், கேளுங்கள். பதினோரு வருஷமாக இரண்டு சமையல். எங்களுக்குப் பொன்னி அரிசிச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல். அப்பாவுக்கு ஒரு கரண்டிச் சோறு, கீரை, அவரைக்காய்ப் பொரியல், சுண்டல். காலையில் நாங்கள் இட்லியை அடுக்கிக்கொண்டு சாப்பிடும்போது அவருக்குப் பயறு அடை. மிஞ்சியதை எல்லாம் கடைசியில் அம்மா தின்பாள், பெரும்பாலும் ஆறிய சோறாக இருக்கும். அம்மாவுக்கு சுகர் இருக்கிறதா என்று பதினோரு வருஷத்தில் யாரும் பார்க்கச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. போன மாதம்தான் கூட்டிக்கொண்டு போனேன். வெறும் வயிற்றில் 114. அங்கேயே எனக்கும் பார்த்தேன், 108. நூறைத் தாண்டினால் எல்லைக்கோடு, 126 தொட்டால் சுகர். எனக்கு வயது முப்பத்து நான்கு.

இதில்தான் எனக்குத் தாங்க முடியாத கோபம். சுகரை அப்பாவின் நோய் என்று ஒதுக்கி, அவருக்கு மட்டும் தனித் தட்டு வைத்துவிட்டோம். அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பது ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் ஒரே வீட்டில் ஒருவர் மருந்துபோல் சாப்பிட, மூன்று பேர் வரவழைத்துக்கொள்வதுபோல் சாப்பிட்டோம். அப்பா அந்தத் தட்டைப் பார்த்து ஏங்காமல் என்ன செய்வார்? எதிரே மூன்று பேர் முறுக்குக் கடிக்கும்போது அவர் மட்டும் வெள்ளரிக்காய் கடிக்க வேண்டும் என்றால், கொழுக்கட்டை வாளியை அவர் ஒளித்துத் தின்னத்தான் செய்வார்.

2023இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு சுகர் என்றது. எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் 13.6 கோடி. அந்த எல்லைக்கோட்டில்தான் இப்போது அம்மாவும் நானும் நிற்கிறோம். அங்கிருந்து திரும்ப வழி இல்லாமலும் இல்லை. எல்லைக்கோட்டில் இருந்தவர்களைச் சாப்பாட்டையும் நடையையும் மாற்றச் சொல்லி மூன்று வருஷம் கவனித்த சென்னை ஆய்வு 2006லேயே வெளிவந்தது. சுகர் வருவது நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது. இருபது வருஷமாக இது தெரிந்த விஷயம். எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வரவில்லை.

அதற்குப் பதில் என்ன வந்தது? "சீனிதான் கெடுதல், உடன்குடிக் கருப்பட்டி போட்டுக் காப்பி குடிக்கட்டும்." கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான், ரத்தத்துக்குப் போனால் இரண்டும் ஒன்று. "கேப்பைக் கூழ் எவ்வளவு வேணாலும் குடிக்கலாம்." நைசாக அரைத்துக் காய்ச்சிய கூழை நிறையக் குடித்தால் சுகர் விறுவிறுவென ஏறும். பெரியம்மா ஒருபடி மேலே போய், காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு வெறும் பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொன்னார். அப்பா அதையும் கேட்டார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்ததில் பத்து மணிக்குச் சட்டை முழுக்க வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. மெஷினில் 58, சுகர் அளவுக்கு மீறி இறங்கிவிட்டது. அம்மாதான் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பக் குத்திப் பார்த்தாள். சீனி மருந்தாகிற நேரம் அது ஒன்றுதான். அதுவும் அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது. யோசனை சொன்ன பெரியம்மாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போன புதுச் செருப்பு அப்பாவின் சுண்டுவிரலைக் கடித்துவிட்டது. அவருக்கு வலிக்கவே இல்லை. காலில் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் சாக்ஸில் ரத்தம் பார்த்து அம்மாதான் கண்டுபிடித்தாள். ஏழு வாரம் கட்டு மாற்றினோம். டாக்டர் ஒருதடவை விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்னார், அன்று இரவு அம்மா தூங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே சமையல். நாலு பேருக்கும் அவரைக்காய், நாலு பேருக்கும் அளந்த சோறு. சாப்பிட்டதும் நானும் அப்பாவும் கோயில் வரைக்கும் நடக்கிறோம். தம்பி முதல் வாரம் முணுமுணுத்தான், இப்போது அவனே சுண்டலுக்குத் தாளிக்கிறான். அப்பாவும் ஒளித்துத் தின்பதில்லை, ஒளிக்க வீட்டில் எதுவும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டுப் பால்காய்ப்பு. பந்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் நான் உட்காரப் போகிறேன். சித்தப்பா இதைப் படித்தால், பாயச வாளி எங்கள் வரிசைக்கு வரும்போது என்னிடம் பேசட்டும்.