சீசன் கூட்டமும் செவ்வாய்க்கிழமை லைனும்

கார்த்திகை பிறந்துவிட்டால் செங்கோட்டையில் எந்த வியாபாரியிடமும் நிதானமாகப் பேச முடியாது. ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலை என்று வண்டிகள் ராத்திரி பகலாகப் புளியரை ஏறிக்கொண்டே இருக்கும். மகரஜோதி வரை இதே கதைதான். சரியாக அந்த நேரம் பார்த்து, 'வருஷம் முடியப்போகிறது, பத்து இலக்குகள் எழுதுங்கள்' என்று போனில் வீடியோ வரும்.

எந்த வருஷம்? 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர் இது. என் தாத்தா கொல்லம் ஆண்டில்தான் தேதி சொல்வார். எங்களுக்குச் சித்திரையில் ஒரு வருஷம், மலையாளக் கடைக்காரர்களுக்குச் சிங்ஙத்தில், அதாவது நம்ம ஆவணியில் ஒன்று, ஆடிட்டருக்கு ஏப்ரலில் ஒன்று. டிசம்பர் 31-க்கு என் கல்லாவில் ஒரு வேலையும் கிடையாது.

நான் செய்வது முறுக்கு, மிக்சர். எங்கள் பட்டறையில் நாலு பெண்கள் மிக்சரை அள்ளித் தராசில் போட்டு, முள் நின்றதும் கவரில் தட்டி, காலால் மிதித்து சீல் வைக்கிறார்கள். சாயங்காலம் எல்லாருக்கும் வலது முழங்கால் பிடித்துக்கொள்ளும். மார்ச்சுக்குள் ஒரு பேக்கிங் மெஷின் எடுக்க வேண்டும் என்று போன வருஷம் சித்திரையில் முடிவு செய்தேன். முன்பணம் ஒன்றரை லட்சம்.

அப்புறம் சீசன் வந்தது. ரோட்டோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தேன். விற்பனை சொல்லி மாளாது. செவ்வாய்தோறும் கேரளக் கடைகளில் வசூலுக்குப் போகிற புனலூர் லைனை ஐந்து வாரம் விட்டுவிட்டேன். தை பிறந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தால், கழுதுருட்டி, தென்மலை, புனலூர் கடைகளில் மட்டும் 1,38,000 ரூபாய் பாக்கி. சீசனில் வந்த பணம் எண்ணெய்க்கும் கடலை மாவுக்கும் போய்விட்டது. மெஷின் முன்பணம் கிட்டத்தட்ட முழுசாகக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கிடந்தது. "அடுத்த ஆழ்ச்ச தராம், அண்ணாச்சி." அடுத்த வாரம் தருகிறார்களாம். இதைக் கேட்டுக் கேட்டே பங்குனி போனது. பதிவு செய்த குறுந்தொழில்காரருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் போட்டாகிவிட்டது. அதைக் கழுதுருட்டிப் பெட்டிக்கடையில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொரு அடியும் விழுந்தது. முந்தைய நிதியாண்டில் விடுபட்ட பில்லுக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரி எடுக்க, அதாவது சரக்கு வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ள, நவம்பர் 30 கடைசி. கவர் ரோல் வாங்கிய 62,000 ரூபாய் பில் ஒன்று, 18 சதவீத வரி. 'பில்லை அனுப்புங்கண்ணே' என்று ஆடிட்டர் ஆபீஸ் தங்கச்சி மூன்று தடவை வாட்ஸ்அப் பண்ணியது. நான் பந்தலில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன். போனது 11,160 ரூபாய்.

சோம்பேறித்தனத்தில் இலக்கு கெட்டால் நமக்கே தெரிந்துவிடும். நல்ல வியாபாரத்தில் கெடுவதுதான் தெரிவதில்லை. கல்லா நிறைகிற சத்தத்தில் மெஷின் ஞாபகமே வரவில்லை எனக்கு. அதனால் இந்த இரண்டு மாதத்துக்குப் புது இலக்கே வேண்டாம் என்பது என் கட்சி. சித்திரையில் நினைத்தது எதுவோ, அதற்கான வாராந்திர வேலை ஒன்றை மட்டும் எந்தக் கூட்டத்துக்காகவும் விடாமல் இருந்தால் போதும். எனக்கு அது செவ்வாய் வசூல்.

மாமாவுக்கு இதில் உடன்பாடில்லை. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளணும்லே" என்கிறார். சீசன் பணம் வேண்டாம் என்று யார் சொன்னது? பந்தலில் இந்த வருஷம் வீட்டுக்காரி உட்காருகிறாள், என்னைவிட நன்றாகவே விற்கிறாள். தூற்றிய நெல்லை அள்ளிவர ஒரு ஆள் வேண்டுமே மாமா என்றேன். முறைத்தார்.

நாளை செவ்வாய். டிரைவர் தம்பி இருமுடி கட்டிக் கிளம்பிவிட்டான். பாக்கி நோட்டோடு நானே வண்டியை எடுக்கிறேன். கழுதுருட்டிக் கடை காலை ஏழு மணிக்குத் திறந்துவிடும்.