தூக்குச்சட்டியோடு அரண்மனைக்குப் போனவர்கள் சார்பில்

காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், விடுதியாக மாறிய ஒரு பழைய பெரிய வீட்டில் மே மாதம் அம்மாவோடு தங்கினோம், படங்களும் போட்டேன். ஒரு படத்தில் அம்மாவின் தூக்குச்சட்டி தெரிந்ததை வைத்து, எங்கள் வருமானத்துக்கு இது வேஷம் என்று ஒருவர் கேலியாக எழுத, வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். நண்பர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதற்கு மேல் விவரிக்கப் போவதில்லை. எழுதியவர் இப்போது அதை நீக்கிவிட்டார். ஆனால் "தூக்குச்சட்டியோடு அரண்மனை வாசம்" என்ற அந்த வரி அதற்குள் பலரால் பகிரப்பட்டு, சிரிப்புக்குறிகளால் சிறப்பிக்கப்பட்டு, எங்கள் குடும்ப வாட்ஸப் குழு வரை வந்து சேர்ந்துவிட்டது. அம்மாவுக்குக் காட்ட வேண்டாம் என்று தம்பியிடம் நான் சொல்வதற்குள் அம்மா பார்த்துவிட்டார். எனவே இதைப் பேசாமல் கடந்துபோக முடியவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த விடுதி கேட்ட வாடகையை நாங்கள் கொடுத்தோம். வரியோடு கொடுத்தோம், ரசீது வாங்கினோம். யாருடைய சிபாரிசிலும் போகவில்லை, யாரும் எங்களுக்கு இரக்கப்பட்டு அறை தரவில்லை. டிசம்பரில் அதே அறையில் வெளிநாட்டுப் பயணி தங்கினால் விருந்தினர், மே மாதத்தில் நாங்கள் தங்கினால் வேடதாரிகள் என்று சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. கட்டில் அதே கட்டில்தான், முற்றமும் அதே முற்றம்தான்.

"இந்தச் சம்பளத்தில் இது எப்படி முடியும்?" என்று சிலர் உண்மையான ஆர்வத்தோடு கேட்டிருந்தீர்கள். ஒளிக்க எதுவும் இல்லை. இன்றிரவு காலியாகக் கிடக்கும் விடுதி அறையை எடுத்துவைத்து நாளைக்கு விற்க முடியாது. இரவு எட்டு மணிக்குக் கூடையில் மிஞ்சிய மல்லிகையைப் பூக்காரம்மா வந்த விலைக்குக் கொடுப்பதைப் போலத்தான் அதுவும். செட்டிநாட்டு விடுதிகளுக்குக் கூட்டம் வருவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அக்னி நட்சத்திரத்தில் காரைக்குடிப் பக்கம் சுற்றுலா போகிறேன் என்றால் வீட்டில் உள்ளவர்களே நம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். பள்ளியில் வேலை பார்க்கும் எனக்கோ மே மாதத்தை விட்டால் வேறு மாதமில்லை. அதே மே மாதத்தில் ஊர் முழுவதும் இ-பாஸ் எடுத்துக்கொண்டு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மலையேறி, சுமாரான அறைக்கும் சீசன் வாடகை கொடுத்துவிட்டு, பாதிப் பொழுதை வண்டி வரிசையில் கழிக்கிறது. நாங்கள் எதிர்த் திசையில், பல்லவன் விரைவு வண்டியின் சாதாரண இருக்கையில் காரைக்குடிக்குப் போனோம். வெயில் கொளுத்தத்தான் செய்தது. ஆனால் அந்த வீடுகளே வெயிலுக்காகக் கட்டப்பட்டவை. கனத்த சுவர்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் குழைத்த சுண்ணாம்புப் பூச்சு, முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்கோட்டில் அமைந்த வாசல்கள். உச்சிப் பொழுதிலும் வளவில், அதாவது நடுவிலுள்ள உள்முற்றத்தில், காற்று ஓடிக்கொண்டிருந்தது.

வரியிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை வாடகை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, அதைத் தாண்டினால் 18 விழுக்காடு. வசூலிக்கும் வாடகைக்குத்தான் வரி என்பதால், 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ரூபாய் கட்ட வேண்டும். அதே அறை 7,400க்கு இறங்கினால் 7,770 ரூபாயோடு முடிந்துவிடும். வாடகையில் 200 ரூபாய் குறைய, கையிலிருந்து போவதில் ஏறத்தாழ 1,200 ரூபாய் குறைகிறது. இதைப் பார்த்துத்தான், வாடகை இறங்கும் வார நாளாகத் தேர்ந்தெடுத்தேன். இதைக் கஞ்சத்தனம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். பெரிய நிறுவனங்களில் இதே கணக்கைப் போடுபவருக்கு நிதி மேலாளர் என்று பெயர்.

இனி விமரிசகர்களுக்கு வருகிறேன். "கடன் வாங்கிச் சுற்றும் தலைமுறை" என்ற குற்றச்சாட்டை நான் அலட்சியப்படுத்தவில்லை. தவணையில் பயணம் என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. திரும்பி வந்து ஓராண்டு வரை கட்டிக்கொண்டிருக்கும் பயணத்தில் என்ன ஓய்வு கிடைத்துவிடப் போகிறது என்றுதான் என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் சொல்வேன். ஆனால் எங்கள் பயணம் அஞ்சலகத்தில் போட்டுவந்த ஆர்.டி. முதிர்ந்த பணத்தில் நடந்தது. மாதாமாதம் வரிசையில் நின்று கட்டிய பணத்தை எதற்குச் செலவழிக்க வேண்டும் என்று முன்பின் தெரியாத ஒருவர் எனக்கு வகுப்பெடுக்கிறார். அதில் நகை எடுத்திருந்தால் வாழ்த்தியிருப்பீர்கள் அல்லவா?

"படம் போடத்தானே போனீர்கள்?" என்றும் கேட்டிருக்கிறார்கள். ஆமாம், படமும் போட்டோம். உங்கள் வீட்டு வளைகாப்பு, புது வண்டி, மகனின் மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் நான் இங்குதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"உண்மையான பயணி எளிமையாகத் தங்குவார்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எளிமை எனக்குப் புதிதல்ல, அதைத் தேடிப் பயணம் போகவேண்டிய நிலையில் நாங்கள் இல்லை. எளிய பயணத்தின் மீது எனக்கு இளக்காரமும் கிடையாது. கொச்சியில் 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ தொடங்கியபோது குறைந்தபட்சக் கட்டணம் 20 ரூபாய். குளிரூட்டிய படகில் காயலைப் பார்த்துக்கொண்டு போவதை அந்த விலைக்கு ஓர் அரசு கொடுக்க முடிந்திருக்கிறது. சுகம் என்பது பணக்காரர்களின் தனிச்சொத்து அல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நல்லது எந்த விலையில் கிடைத்தாலும் அதைத் தேடிப் போகிறவள் நான். எங்களால் அந்த இடத்தின் மதிப்புக் குறைந்துவிட்டது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது.

உண்மையில் அந்த வீடுகளின் மதிப்பைக் குறைப்பது எது தெரியுமா? யாரும் வராமல் பூட்டிக் கிடப்பதுதான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்ப் பாருங்கள். பிரித்து விற்கப்பட்ட வீடுகளின் தேக்குத் தூண்களும் செதுக்கு வேலைப்பாடுள்ள நிலைக்கதவுகளும் சுவரில் சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. வாரிசுகள் ஊர் ஊராகப் பிரிந்துபோன பிறகு, ஓடு மாற்றவும் ஒட்டடை அடிக்கவுமே பெரும்பணம் வேண்டும். விடுதியாக மாறிய வீடு பிழைத்து நிற்கிறது என்றால், ஆளில்லாத மாதங்களிலும் யாரோ வந்து காசு கொடுப்பதும் அதற்கு ஒரு காரணம். அந்த யாரோ சிலரில் தூக்குச்சட்டிக்காரர்களும் உண்டு.

தூக்குச்சட்டி விஷயத்துக்கு வருகிறேன். அது ரயிலுக்காக அம்மா கட்டி எடுத்துவந்த தயிர்சாதமும் மாவடுவும். வண்டியிலேயே தீர்ந்துவிட்டது. காலிப் பாத்திரத்தை அம்மா கழுவி, வெயில் விழும் இடத்தில் கவிழ்த்து வைத்திருந்தார். படத்தில் அது விழுந்துவிட்டது, அவ்வளவுதான். மறுநாள் மதியம் அதே வளவில் தலைவாழை இலை போட்டு அவர்கள் பரிமாறிய சாப்பாட்டைக் காசு கொடுத்துத்தான் சாப்பிட்டோம். மற்ற வேளைகளில் காரைக்குடி மெஸ்ஸில் சாப்பிட்டோம், அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன், பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.

முதல் நாள் காலையில் காபி கொண்டுவந்த பையனைப் பார்த்ததும் அம்மா எழுந்து நின்றார். "நீங்க உட்காருங்க ஆச்சி" என்று அவன் சொன்ன பிறகும் உட்காரவில்லை. குடித்து முடித்த டம்ளரை எங்கே கழுவுவது என்று என்னிடம் கேட்டார். அறையைச் சுத்தம் செய்ய வருகிறார்கள் என்றதும், அவர்கள் வருவதற்குள் படுக்கை விரிப்பை நான்காக மடித்து, தலையணைகளை அடுக்கி வைத்துவிட்டார். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் செருப்போடு நடக்க மனம் வராமல் வெறுங்காலோடுதான் நடந்தார். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்தே இறுக்கும் அந்தக் கற்கள் நடக்க நடக்க மெருகேறுபவை என்று விடுதிக்காரர் விளக்கிய பிறகு, பேரப்பிள்ளைகளையும் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

இந்த அம்மாவைப் பார்த்துத்தான் "வேஷம்" என்று எழுதினார்கள். தனக்கு ஒருவர் காபி கொண்டுவந்து கொடுப்பதையே நம்ப முடியாமல் எழுந்து நின்றவருக்கு வேஷம் போடத் தெரியுமா? எங்கள் வீட்டில் அவர் ஆற்றிக் கொடுத்த காபியை உட்கார்ந்தபடி வாங்கிக் குடித்த உறவினர்களும் அந்தப் பதிவுக்குச் சிரிப்புக்குறி போட்டிருக்கிறார்கள். பெயர் சொல்லப் போவதில்லை, அவர்களுக்கே தெரியும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஆளுக்கு முன்னால் வந்து அடுப்படியில் நில் என்று அழைக்கும்போது யாருக்கும் அவருடைய வயதும் தெரிவதில்லை, வருமானமும் தெரிவதில்லை. அவர் ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்த படத்தைப் பார்த்ததும் எல்லாருக்கும் கணக்கு வழக்கு நினைவுக்கு வந்துவிட்டது. செலவு உங்களை உறுத்தியிருந்தால் விலையைக் கேட்டிருப்பீர்கள், நானும் சொல்லியிருப்பேன். உறுத்தியது அவர் உட்கார்ந்திருந்ததுதான்.

மழைக்காலத்தில் ஆலப்புழைப் படகு வீடுகளுக்கும் வாடகை இறங்கும். ஆடி மாதத்தில் ஒரு நீண்ட விடுமுறை கிடைத்தால் அம்மாவை அழைத்துப் போவதாக இருக்கிறேன். தயிர்சாதம் கட்டிக்கொண்டுதான் போவோம், படமும் போடுவேன். எனக்குச் சொல்ல வேண்டியது இருந்தால் எனக்கே எழுதுங்கள், பதில் தருகிறேன். அம்மா படத்தின் கீழ் இன்னொரு முறை இப்படி எழுதினால், உறவு நட்பு என்று பார்க்காமல் நீக்கிவிடுவேன்.